நிறைவேறாத வேண்டுதலும் நீங்காத அன்பும்: காரைக்காலம்மையார், குலசேகராழ்வார் பாடல்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வேண்டியது கிட்டாதபோதும் இறைவன்பால் கொண்ட அன்பு குறையாது என்னும் கூற்று, பக்திப் பாடல்களில் பலவிடத்தும் காணப்படுகிறது. இக்கூற்றை அடங்கிப்போகும் மனநிலையின் வெளிப்பாடாக மட்டும் கொள்ளும் வழக்கம் உள்ளது. காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் முதல் ஐந்து வெண்பாக்களையும், குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஐந்தாம் திருமொழியையும் அடிப்படையாகக் கொண்ட இக்கட்டுரை, அவ்வன்பு வேண்டுதலைக் கைவிடுவதில்லை என்பதையும், அதன் சொல்லமைப்பு புறத்திணையின் பரிசில் மரபைவிட அகத்திணை மரபுக்கே நெருக்கமானது என்பதையும் காட்ட முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: வேண்டுதல், அன்பு, உம்மை, அற்புதத் திருவந்தாதி, பெருமாள் திருமொழி, பரிசில், குறுந்தொகை.

முன்னுரை

வழிபாட்டில் வேண்டுதலுக்கு என்றும் ஓர் இடம் உண்டு. நோய் நீங்கினால் முடி காணிக்கை செலுத்துவதாகவும், மகப்பேறு வாய்த்தால் தொட்டில் கட்டுவதாகவும் நேர்ந்துகொள்வது தமிழகக் கோயில்களில் இன்றும் நாள்தோறும் காணும் நிகழ்ச்சி. இந்த நேர்த்திக்கடனுக்குரிய வாக்கியம் நிபந்தனை வாக்கியம். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்பதே அதன் வடிவம். அதனை இழிந்த வழிபாடு என ஒதுக்குதல் முறையாகாது. கொடுக்கல் வாங்கல் என்பதே உறவின் ஓர் அடையாளம். எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் நேர்தலும் இல்லை. எனினும், அவ்வாக்கியம் ஒரு வினாவை விடையின்றி விட்டுவிடுகிறது. நோய் நீங்காவிட்டால் என்ன செய்வது?

இவ்வினாவுக்குப் பக்திப் பாடல்கள் அளிக்கும் விடைகளுள் ஒன்று ஒரு சிறு இடைச்சொல்லில் அடங்கியுள்ளது. ‘தந்தால்’ என்பது ‘தாராவிடினும்’ என மாறுகிறது. நிபந்தனையை உணர்த்திய வினையெச்சத்தின் இடத்தில் உம்மை ஏற்ற எச்சம் வந்து அமர்கிறது. உம்மைக்குத் தொல்காப்பியம் இடையியலில் எட்டுப் பொருள்கள் கூறுகிறது. அவற்றுள் எச்சமும் சிறப்பும் இங்கு ஒருங்கே அமைவதாகக் கொள்ளலாம். ‘அவர் இரங்காவிடினும் என் அன்பு குறையாது’ என்ற தொடரில், இரங்கினும் குறையாது என்பது எச்சமாய் நிற்கிறது. இரங்காமை என்னும் கடைநிலையிலும் குறையாது என்பது சிறப்பாய் நிற்கிறது. மறுப்பு துணைத்தொடரில் ஒடுங்க, அன்பு முதன்மைத்தொடரில் இடம்பெறுகிறது. இறைவன் செய்வதும் செய்யாததும் அன்பின் காரணம் என்ற நிலையிலிருந்து அதன் சூழல் என்ற நிலைக்கு இறங்கிவிடுகின்றன.

இத்தொடரமைப்பு எங்கிருந்து வந்தது, அதனைக் கையாண்டவர்கள் வேண்டுவதை நிறுத்திவிட்டார்களா என்னும் இரு வினாக்களே இக்கட்டுரையின் எல்லை.

பரிசில் மரபு

பக்திப் பாடல்களுக்கும் புறத்திணைப் பாடாண் மரபுக்கும் உள்ள உறவு ஆய்வுலகில் விரிவாகப் பேசப்பட்டது. புரவலனின் இடத்தில் இறைவனும், பாணனின் இடத்தில் அடியவனும் அமைகின்றனர், ஊரும் மலையும் ஆறும் பாடப்படுகின்றன, கொடை வேண்டப்படுகிறது. இவ்வொப்புமை பெரும்பாலும் பொருந்துகிறது. பரிசில் கிடைக்காத இடத்தில்தான் அது முறிகிறது.

அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயில்காவலனை விளித்துப் பாடிய பாட்டு (புறம். 206) யாவரும் அறிந்தது. அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வெறுமையாகிவிடவில்லை. தச்சனின் மக்கள் மழுவோடு காட்டுக்குச் சென்றால் மரத்துக்குக் குறைவிராது. அதுபோலப் புலவர் எத்திசை சென்றாலும் அத்திசையில் உணவு உண்டு என்பது அதன் கருத்து. பெருஞ்சித்திரனார் ஒரு படி மேலே செல்கிறார். இளவெளிமான் தந்த சிறு பரிசிலைக் கொள்ளாது குமணனிடம் சென்று யானை பெற்று, அவ்யானையை வெளிமானின் காவல்மரத்திலேயே கட்டிவிட்டு, இரப்போர்க்கு ஈவோரும் உலகில் உளர் என்பதைக் கண்டுகொள் என்கிறார் (புறம். 162). இருவர் பாடலிலும் தன்மதிப்பு ஒளிர்கிறது. அத்தன்மதிப்பின் அடிப்படை வெளியேறும் உரிமை. புரவலர் பலர், ஒருவர் மறுப்பின் மற்றொருவர்.

பக்திப் பாடல் இவ்வுரிமையைத் தானே விட்டுவிடுகிறது. வேறு தெய்வம் இல்லை என்பது ஒரு காரணமாகலாம். ஆயினும் சமயங்கள் பல ஒருங்கே வழங்கிய காலத்தில், வேறு தெய்வத்தை நாடுதல் இயலாத செயல் அன்று. திருநாவுக்கரசரின் வரலாறே சமண, சைவ நெறிகளுக்கிடையே பெயர்ந்த வரலாறு. அவர் சூலை நோய் தாங்காது திருவதிகை வந்து பாடியதும் அந்நோய் நீங்கியதும் பெரியபுராணம் கூறும் செய்திகள். அங்கு வேண்டுதல் நிறைவேறியது. நிறைவேறாத இடத்தில் என்ன மொழி பேசுவது என்பதற்குப் பரிசில் மரபில் முன்மாதிரி கிடைப்பது அரிது. அதற்கு அகத்திணையை நோக்கவேண்டும்.

குறுந்தொகை 397

அம்மூவனார் பாடிய நெய்தல் பாட்டு ஒன்றில் தோழி தலைவனிடம் பேசுகிறாள். தாய் சினந்து அடிக்கும் வேளையிலும் வாய்விட்டு அத்தாயையே அழைத்து அழும் குழந்தையை உவமையாகக் கூறி, நீ இன்னாதன செய்தாலும் இனிது அருள் செய்தாலும் என் தோழி உன் எல்லைக்குள் இருப்பவளே, அவளுற்ற துன்பத்தைக் களைய வேறொருவர் இல்லை என்று முடிக்கிறாள்.

இப்பாட்டில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. இன்னாமை, இனிமை என்னும் இரண்டையும் உம்மை கொடுத்து அடுக்கியிருப்பது ஒன்று. துன்பம் தருபவனும் அதனைக் களைய வல்லவனும் ஒருவனே என்பது மற்றொன்று. மூன்றாவது, இது தலைவியின் கூற்றாக அமையாமல் அவள் சார்பில் தோழி விடுக்கும் வேண்டுகோளாக அமைந்திருப்பது. தலைவி எதையும் தாங்குவாள் என்று அறிவிப்பது தோழியின் நோக்கமன்று. அவள் தாங்கிக்கொண்டிருக்கிறாள், ஆகவே விரைந்து வந்து வரைந்துகொள் என்பதே குறிப்பு. எந்நிலையிலும் நீங்காத அன்பு என்ற அறிவிப்பு இங்கு வேண்டுதலின் முடிவாகவன்றி, வேண்டுதலின் மிக வலிய வடிவமாக இருக்கிறது. இம்மூன்றாம் கூறு பக்திப் பாடல்களை அணுகும்போது பெரிதும் மறக்கப்படுகிறது என்பது என் கருத்து.

முதல் ஐந்து வெண்பாக்கள்

காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆனது. பதினோராம் திருமுறையில் இடம்பெறுவது. இதன் தொடக்கமே ஒரு முறையீடு. பிறந்து மொழி பயின்ற நாள் முதல் காதல் மிகுந்து உன் திருவடியை அடைந்தேன், என் துன்பத்தை நீ தீர்ப்பது எந்நாள் என்று முதல் வெண்பா வினவி, ‘இடர்’ என்னும் சொல்லில் முடிகிறது. அச்சொல்லையே முதலாகக் கொண்டு இரண்டாம் வெண்பா எழுகிறது. இடரைக் களையாவிட்டாலும், தமக்கு இரங்காவிட்டாலும், செல்லவேண்டிய நெறியைக் காட்டாவிட்டாலும், எலும்பு அணிந்து எரியில் ஆடும் அப்பெருமானிடத்து நெஞ்சின் அன்பு அறாது என்பது அதன் பொருள்.

அந்தாதித் தொடையின் பயன் இவ்விடத்தில் தெளிவாகப் புலப்படுகிறது. வினாவின் கடைசிச் சொல் விடையின்றித் தொங்குகிறது. அடுத்த பாட்டு அதே சொல்லை எடுத்து, விடை வராமற் போவதை உம்மைத் தொடராக மாற்றுகிறது. இரு வெண்பாக்களுக்கும் இடையே இறைவன் ஏதும் பேசவில்லை. அம்மௌனத்தை ஒரே சொல்லின் இருமுறை வரவு சுட்டி நிற்கிறது எனலாம். மேலும், மறுப்புகள் மூன்றும் ஒரே தரத்தன அல்ல. இடர் களைதல் செயல். இரங்குதல் உள்ளத்தின் நெகிழ்வு. நெறி காட்டுதல் அறிவுறுத்தல். செயல் இல்லாவிடினும் இரக்கம் இருக்கலாம். இரக்கமும் இல்லாவிடில் வழியேனும் சொல்லலாம். அதுவும் இல்லாத நிலையை அம்மையார் எண்ணிப் பார்க்கிறார். வேண்டுபவர் கைக்கொள்ளக்கூடிய ஆறுதல்கள் ஒவ்வொன்றாக விலக்கப்படுகின்றன.

இத்துடன் நிறுத்தி, இரண்டாம் வெண்பாவைத் தனியே எடுத்து, நிபந்தனையற்ற அன்புக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. பல கட்டுரைகள் அவ்வாறே செய்கின்றன. ஆனால் அந்தாதியிலிருந்து ஒரு பாட்டைப் பிரித்தெடுப்பது சங்கிலியிலிருந்து ஒரு கண்ணியைக் கழற்றுவது போன்றது. மூன்றாம் வெண்பா, ஏழு பிறப்பிலும் அவருக்கே ஆளாவோம், பிறைசூடிய அவருக்கன்றி வேறொருவர்க்கு ஆளாகோம் என உறுதி கூறுகிறது. நான்காம் வெண்பா என்ன சொல்கிறது? அடிமையானோம் நாங்கள் எங்கள் அல்லலை அறியும்படி முறையிட்டால், எங்களை ஆட்கொண்ட இறைவன் கேளாதது ஏன் என்று வினவுகிறது. செம்மேனியும் நிறம் வேறுபட்ட மிடறும் அம்முறையீட்டின் நடுவிலேயே பாடப்படுகின்றன. அன்பு அறாது என்று கூறி ஒரு வெண்பா இடைவிட்டவுடன், முறையீடு மீண்டும் எழுகிறது. முன்னிலும் கூர்மையாக எழுகிறது. முதல் வெண்பா ‘எந்நாள்’ என்று கேட்டது, இது ‘ஏன் கேட்கவில்லை’ என்கிறது. ஐந்தாம் வெண்பாவோ படைப்பவனும் ஒடுக்குபவனும் இறைவனே, எந்தையே என்று அழும் எம்மேல் கொடுந்துயர் வந்தால் அதனை மாற்றுபவனும் அவனே எனத் தேறுகிறது.

வினா, உம்மைத் தொடர், உறுதி, மீண்டும் வினா, தேற்றம் என ஐந்து வெண்பாக்களும் செல்கின்றன. இது படிப்படியாக அமைதிக்கு ஏறும் ஏணியன்று. இரண்டாம் வெண்பாவின் அன்பு நான்காம் வெண்பாவின் முறையீட்டைத் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமன்று, அதற்கு உரிமையையும் அளிக்கிறது. ஆளானோம் என்பதே கேட்பதற்குரிய தகுதியாக முன்வைக்கப்படுகிறது.

விற்றுவக்கோட்டுப் பதிகம்

பெருமாள் திருமொழி 105 பாசுரங்களைக் கொண்டது. அதன் ஐந்தாம் திருமொழி விற்றுவக்கோட்டு அம்மானைப் பாடுவது. இத்தலத்தை வைணவ மரபு கேரளத்தில் பட்டாம்பிக்கு அருகில், பாரதப்புழைக் கரையில் உள்ள திருமிற்றக்கோட்டில் அடையாளம் காண்கிறது. இதற்கு முந்தைய நான்காம் திருமொழி திருவேங்கடத்தைப் பற்றியது. அம்மலையில் குருகாகவும் மீனாகவும் படியாகவும் ஏதேனும் ஒன்றாகவும் ஆகவேண்டும் என்னும் விருப்பங்களால் நிறைந்தது. விருப்பத்தின் பெருக்கை அடுத்து, தந்த துயரத்தைத் தடுக்காத இறைவனைப் பற்றிய பதிகம் நிற்கிறது. இவ்வைப்பு தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் தொடர்ந்து ஓதுபவருக்கு இவ்விரண்டின் அண்மை உறைக்காமல் இராது.

இப்பதிகத்தில் உவமைகள் ஒன்பது. சினத்தால் தாய் அகற்றினும் அவள் அருளையே நினைந்து அழும் குழவி. காண்போர் இகழ்வன கணவன் செய்யினும் அவனையன்றி அறியாத குலமகள். அரசன் நோக்காது துயர் செய்யினும் அவன் செங்கோலை நோக்கி வாழும் குடி. வாளால் அறுத்துச் சுடும் மருத்துவனிடத்து அன்பு மாறாத நோயாளி. கரை காணாது கப்பலின் பாய்மரத்துக்கே மீளும் பறவை. நெருப்பு வந்து வெம்மை செய்யினும் கதிரவனுக்கன்றி மலராத தாமரை. வானம் மறந்த காலத்தும் முகிலையே பார்த்திருக்கும் பயிர். கடலையன்றிப் புகலிடம் அறியாத ஆறுகள். தன்னை வேண்டாதவனையே நாடிச் செல்லும் செல்வம்.

இவற்றுள் மருத்துவன் உவமையே மேடைகளிலும் நூல்களிலும் மிகுதியாக எடுத்தாளப்படுவது. காரணம் வெளிப்படை. அறுவையும் சூடும் நோயாளியின் நலத்துக்காகவே செய்யப்படுவன. அவ்வுவமையை ஏற்றால் துயரத்துக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது. இறைவன் மறுப்பதும் நன்மைக்கே என்னும் முடிவுக்கு வந்துவிடலாம். பதிகம் முழுவதையும் இவ்வுவமையின் ஒளியில் படிக்கும் வழக்கமும் உண்டு. அவ்வாறு படிப்பது பதிகத்தைச் சுருக்கிவிடுகிறது என்பதே என் கருத்து. ஒன்பது உவமைகளில் துயரத்துக்கு நியாயம் கற்பிப்பது இது ஒன்றே. தாய் அகற்றியது மருந்தூட்டுவதற்காக அன்று, சினத்தால். கணவனின் செயல்கள் பிறர் இகழத்தக்கன என்று பாசுரமே கூறுகிறது. அரசன் குடியை நோக்கவில்லை. நோக்காமைக்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. வானம் மறந்துவிட்டது. மறதி, சினம், புறக்கணிப்பு ஆகியவற்றை இறைவன்மேல் ஏற்றிச் சொல்ல ஆழ்வார் தயங்கவில்லை. அவற்றை நல்லனவாக மாற்றிக் காட்டவும் முயலவில்லை. மறுப்பு மறுப்பாகவே நிற்கிறது, அன்பும் நிற்கிறது.

முதல் உவமை அம்மூவனாரின் குழவியை நினைவூட்டுவது. ஆழ்வார் அப்பாட்டை அறிந்திருந்தார் என்று நிறுவச் சான்றில்லை. குழந்தையும் தாயும் எங்கும் காணப்படும் காட்சியே. ஆயினும் வேறுபாடு குறிப்பிடத்தக்கது. குறுந்தொகைக் குழவி அடிபடும்போதும் தாயின் அருகே உள்ளது. ஆழ்வாரின் குழவி அகற்றப்பட்டது. அது பற்றுவதற்கு எதிரே எதுவும் இல்லை, நினைவு ஒன்றைத் தவிர. பிற்கால வைணவம் அடைக்கல நெறியை விளக்கக் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் எடுத்துக்காட்டியது. ஒன்று தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. மற்றொன்றைத் தாய் கவ்விச் செல்கிறது. இக்குழவி அவ்விரண்டில் எதுவும் அன்று. பற்றவும் முடியாமல், பற்றப்படவும் இல்லாமல், அழுதுகொண்டிருக்கிறது. அழுகையும் ஒரு வேண்டுதலே என்பதை இங்குச் சேர்த்துக் கொள்ளவேண்டும்.

குடியின் உவமை திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தை (குறள் 542) நினைவில் கொண்டு பாடப்பட்டது போலத் தோன்றுகிறது. உலகம் மழையை நோக்கி வாழ்வதையும் குடி மன்னனின் கோலை நோக்கி வாழ்வதையும் ஒரே குறளில் வள்ளுவர் இணைத்தார். ஆழ்வார் அவ்விரண்டையும் பிரித்து, மூன்றாம் பாசுரத்தில் கோலையும் ஏழாம் பாசுரத்தில் முகிலையும் வைக்கிறார். இரண்டிலும் ஒரு மாற்றம் செய்கிறார். குறளில் கோல் செங்கோலாக இருப்பது எதிர்பார்ப்பு; அது கோடினால் அல்லற்பட்டோரின் கண்ணீரே ஆட்சியைத் தேய்க்கும் படை என அடுத்த அதிகாரம் எச்சரிக்கிறது (குறள் 555). ஆழ்வாரின் குடியிடம் அந்தப் படை இல்லை, அல்லது எடுக்கப்படவில்லை. சேர அரசர் என மரபு போற்றும் ஒருவர் அரியணையின் பக்கத்திலிருந்து பேசாமல், நோக்கப்படாத குடியின் பக்கத்திலிருந்து பேசுகிறார். துயர் செய்யும் வேந்தனைப் பற்றிய வரி ஒரு வேந்தரின் வாயில் பெறும் கனம் தனியானது.

குலமகள் உவமையை இன்றைய வாசகர் இடர்ப்பாடின்றிக் கடக்க இயலாது. கணவன் எது செய்யினும் அவனையே பற்றியிருத்தல் மனைவியின் அறம் என்னும் எண்ணம், இல்லறத்தில் எத்தனையோ பெண்களைத் துன்பத்தில் கட்டிவைத்தது. இறைவனுக்குரிய உவமையை ஆடவனுக்குரிய உரிமையாகத் திருப்பிப் படிக்கக் கூடாது என்பதற்குப் பக்தி மரபுக்குள்ளேயே சான்றுண்டு. காரைக்காலம்மையாரின் வாழ்க்கையைச் சேக்கிழார் கூறுமிடத்து, கணவன் பரமதத்தன் அவரை விட்டு நீங்கி வேறு மணம் செய்துகொள்கிறான். பின்னர் மனைவி மகளுடன் வந்து அவர் காலில் விழுகிறான். அம்மையார் அவனுக்காகத் தாங்கிய உடலின் அழகை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெறுகிறார். அன்பு அறாது என்று பாடிய அவர், அறாமையை யாருக்கு உரியதாக்குவது என்பதில் தெளிவாக இருந்தார்.

ஐந்தாம் பாசுரத்துப் பறவை வேறொரு சிக்கலை எழுப்புகிறது. அது பாய்மரத்துக்கு மீள்வது பாய்மரத்தின்மீது கொண்ட அன்பாலா, கரை காணாமையாலா? வேறு வழியின்மை அன்பாகுமா? வைணவ உரைமரபு வேறு புகலின்மையை அடைக்கலம் புகுவோனின் தகுதியாகவே கொள்கிறது. அதனால் அம்மரபில் இவ்வினா எழுவதில்லை. பாடலாக மட்டும் நோக்கும் நமக்கு எழுகிறது. முதல் நான்கு உவமைகளிலும் வருவோர் மாந்தர். குழவி நீங்கலாக ஏனையோர் விலகிச் செல்லக் கூடியவர்கள். குடி நாடு பெயரலாம். நோயாளி மருத்துவனை மாற்றலாம். அவர்கள் விலகாமை தேர்வு. பறவையிலிருந்து தாமரை, பயிர், ஆறு என வரும் உவமைகளில் தேர்வுக்கே இடமில்லை. தாமரை நெருப்புக்கு மலர்வதில்லை. மலர இயலாது என்பதே காரணம். அன்பு முதலில் உறுதியாகத் தொடங்கிப் பின்னர் இயல்பாகிவிடுகிறது என்று இவ்வைப்பை விளக்கலாம். விலக மாட்டேன் என்பது விலக இயலேன் என முதிர்கிறது. பறவை இவ்விரண்டு வகைக்கும் இடையில் பறக்கிறது. எங்கும் சென்று பார்த்துவிட்டே அது திரும்புகிறது. ஔவையாரின் புலவருக்கு எத்திசையும் உணவு இருந்தது. இப்பறவைக்கு எத்திசையும் கடல்.

சுந்தரரின் மாற்றுக்குரல்

மேற்கண்ட உம்மைத் தொடர் ஒன்றே பக்தியின் மொழி என்று கொள்ளல் பிழையாகும். சங்கிலியாருக்குத் திருவொற்றியூரில் அளித்த சூளுறவைக் கடந்த சுந்தரர் பார்வை இழந்ததும், திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் பெற்றதும், காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றதும் பெரியபுராணத்தால் அறியப்படுவன. ஆரூரில் பாடிய பதிகத்தில் (7.95) அவர் மீளாத அடிமைத்திறத்தைக் கூறியே தொடங்குகிறார். ஆனால் அதிலிருந்து அவர் செல்லும் திசை வேறு. அடியார் கண் காணாது இடறி விழுந்தால், மற்றைக் கண்ணைத் தாராது ஒழிந்தால், நீர் நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். அங்கே ‘தாராவிடினும்’ இல்லை. ‘தாராதொழிந்தால்’ என்னும் நிபந்தனையே மீண்டும் வருகிறது. நேர்த்திக்கடனின் இலக்கணம் போலத் தோன்றினும் அதுவன்று. கொடாவிட்டால் நான் இன்னது செய்யேன் என்று அவர் சொல்லவில்லை. பிரிந்து செல்வேன் என்றும் சொல்லவில்லை. வாழ்த்தின் வடிவில் ஒரு சாபத்தை, அல்லது சாபத்தின் வடிவில் ஒரு வாழ்த்தை, உள்ளிருந்தே எறிகிறார்.

அப்பதிகத்தில் ஒரு கன்றும் உண்டு. கன்று முட்டி உண்ணத் தாய்ப்பசு பால் சுரக்கும் என்பது உவமை. அகற்றப்பட்டு அழும் ஆழ்வாரின் குழவிக்குப் பக்கத்தில் இந்த முட்டும் கன்றை வைத்துப் பார்க்கலாம். இரண்டும் தாயை விட்டு நீங்கவில்லை. ஒன்று நினைந்து அழுகிறது, ஒன்று முட்டுகிறது. முட்டியதற்காகச் சுந்தரரை மரபு பழிக்கவில்லை. அப்பதிகத்தின் முடிவில் பார்வை கிடைத்ததாகவே சேக்கிழார் கூறுகிறார். அன்பின் உறுதியை அளக்கச் சினமின்மையை அளவுகோலாகக் கொள்ளத் தமிழ் பக்தி மரபு இடம் தருவதில்லை.

வேண்டுவது எதனை?

ஆழ்வாரின் ஒன்பதாம் உவமைக்கு மீண்டும் வருவது பயனுடையது. இறைவனை மட்டும் வேண்டிப் பெருஞ்செல்வத்தை வேண்டாத ஒருவனைச் செல்வம் தானே நாடி வரும் என்பது முதற்பகுதி. அதுபோல நான் உன்னையே வேண்டி நிற்கிறேன் என்பது முடிபு. மேலோட்டமாக நோக்கினால், அடியவன் வேண்டாதவனின் இடத்தில் இருப்பதாகத் தோன்றும். உவமையின் கட்டமைப்போ அடியவனைச் செல்வத்தின் இடத்தில் வைக்கிறது. நாடுவது செல்வம், நாடப்பட்டும் திரும்பிப் பாராதவன் துறவி. ஆகவே திரும்பிப் பாராதவன் இறைவன், விலக்கப்பட்டும் பின்செல்வது அடியவன். தன்னை ஒரு பொருட்டாக மதியாதவனையே மீண்டும் மீண்டும் அடையும் செல்வம் என்று ஓர் அரசர் தம்மைச் சொல்லிக்கொள்வதில் மெல்லிய நகையும் உண்டு. தம் மதிப்பை அவர் முற்றிலும் கைவிடவில்லை என்பதும் உண்டு. செல்வம் என்பது இழிந்த உவமையன்று.

இப்பாசுரத்தில் உம்மைத் தொடர் மறைந்து, ‘வேண்டுதல்’ என்னும் வினையே பலமுறை வருகிறது. தடுக்கப்படாத துயரத்தில் தொடங்கிய பதிகம் வேண்டிநிற்றலில் வந்து சேர்கிறது. வேண்டப்படும் பொருள்தான் மாறியிருக்கிறது.

இம்மாற்றம் காரைக்காலம்மையாரிடத்து வேறொரு வடிவம் பெறுகிறது. கயிலையில் இறைவன் அம்மையே என்றழைத்து, வேண்டுவது யாது என வினவ, அவர் கேட்டவற்றைச் சேக்கிழார் வரிசைப்படுத்துகிறார். முதலில் கேட்பது அழியாத இன்ப அன்பு. எது மறுக்கப்பட்டாலும் அறாது என்று அந்தாதியில் தாம் கூறிய அந்த அன்பையே இங்கு வரமாகக் கேட்கிறார். அது தம் முயற்சியால் நிற்பதன்று, தரப்படவேண்டியது என்னும் உணர்வு இதில் உள்ளது. அடுத்துக் கேட்பது பிறவாமை. அதனைக் கேட்ட மூச்சிலேயே, மீண்டும் பிறப்பு உண்டாயின் உன்னை மறவாமை வேண்டும் என்கிறார். கேட்டது கிடைக்காமற் போகக்கூடும் என்பதற்கு வேண்டுதலுக்குள்ளேயே இடம் ஒதுக்கப்படுகிறது. அதன் பிறகே, இறைவன் ஆடும்போது அவன் அடியின்கீழ் மகிழ்ந்து பாடியிருக்கவேண்டும் என்னும் கடைசி விருப்பம் வருகிறது. இறைவன் அவரைத் திருவாலங்காட்டுக்குச் செல்லுமாறு பணிக்கிறான்.